மின்சாரம் வந்த பின்னும் கணினி வராதது ஏன்?

சர்வர் நின்றுபோகும் வேளையில் மருத்துவமனையில் நடப்பவையும் குடும்பத்தார் செய்யக்கூடியவையும்

புறநோயாளிகள் பிரிவில் காலை பத்து மணி. பதிவுச் சாளரத்தின் முன் நீண்ட வரிசை. திடீரென விளக்குகள் அணைகின்றன; மின்விசிறிகள் தளர்ந்து நிற்கின்றன. சில நொடிகளில் ஜெனரேட்டரின் ஓசை கேட்கிறது. விளக்குகள் மீண்டும் எரிகின்றன. வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். ஆனால் சாளரத்திற்கு அப்பால் அமர்ந்திருக்கும் பணியாளரின் கணினித் திரையில் ஒரு சிறு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் கழிகிறது. அரை மணியும் கழிகிறது. "கரண்ட்தான் வந்துவிட்டதே, இன்னும் ஏன் சீட்டுப் போடவில்லை?" என்று ஒரு குரல் எழுகிறது.

மயிலாப்பூரிலிருந்து நோயுற்ற தாயை ஆட்டோவில் அழைத்து வந்த மகளுக்கும், தியாகராய நகரில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவருக்கும், அடையாற்றிலிருந்து காலை உணவு உண்ணாமல் இரத்தப் பரிசோதனைக்கு வந்த முதியவருக்கும் இக்கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. அதற்கான விடையை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு மற்றொரு செய்தியும் உண்டு: கணினி நின்றிருக்கும் அந்த இடைவேளையில் நோயாளியின் பாதுகாப்பில் உடனிருப்போரின் பங்கு வழக்கத்தைவிடப் பெரியது.

உயிர்காக்கும் கருவிகள் நிற்கின்றனவா?

உள்நோயாளியின் குடும்பத்தாருக்கு முதலில் எழும் அச்சம் இதுவே. செயற்கைச் சுவாசக் கருவி, இதயத் துடிப்பைக் காட்டும் திரை, மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்பு ஆகியவை தத்தம் பணியைத் தாமே செய்பவை. கணினித் துறையின் சர்வர் நின்றாலும் அவை நிற்பதில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குள் சிறு பேட்டரி இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் அவை, மின்தடையின்போது முதலில் மின்சாரம் பெறும் தனி இணைப்புகளில் பொருத்தப்படுகின்றன.

ஆகவே சர்வர் நிற்கும்போது தடைப்படுவது கருவிகளின் இயக்கமன்று, செய்திகளின் ஓட்டமே. பழைய பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமைக் குறிப்புகள், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, கட்டண விவரம், காப்பீட்டு ஒப்புதல் ஆகியவை திரைக்கு வராமல் போகின்றன. மருத்துவமும் செவிலியமும் தொடரும். ஆயினும் அவை நினைவையும் காகிதத்தையும் தொலைபேசியையும் சார்ந்து தொடரும்.

சர்வர் என்பது யாது?

பதிவுச் சாளரத்திலும் வார்டிலும் மருந்தகத்திலும் தாங்கள் காணும் கணினிகள், பெரும்பாலும் பார்ப்பதற்கும் எழுதுவதற்குமான வாயில்கள் மட்டுமே. நோயாளியின் பதிவு அவற்றுள் இருப்பதில்லை. குளிரூட்டப்பட்ட தனி அறையில், இரும்புச் சட்டங்களில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள ஆற்றல்மிக்க கணினிகளில் அது இருக்கிறது. அவையே சர்வர்கள். ஆய்வகத்தில் பதியப்பட்ட சர்க்கரை அளவை வார்டிலுள்ள செவிலியர் மறுகணமே காண்பது இவற்றின் வழியாகத்தான். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதால் விரைவு கிடைக்கிறது. அந்த ஓரிடம் நின்றால் எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் தவிப்பதும் அதனால்தான்.

மின்சாரம் எத்தனை வாயில்களைக் கடக்கிறது?

மருத்துவமனையின் சர்வருக்கு மூன்று அரண்கள் அமைக்கப்படுவது வழக்கம். தெருவிலிருந்து வரும் மின்வாரிய இணைப்பு முதலாவது. அது நின்றால் இயங்கும் டீசல் ஜெனரேட்டர் இரண்டாவது. ஜெனரேட்டர் விழித்தெழுந்து சீரான மின்சாரம் தருவதற்குச் சில நொடிகள் தேவை. விளக்கு அந்த நொடிகளில் அணைந்து எரிந்தால் குற்றமில்லை. ஆனால் சர்வர் ஒரு நொடிகூட அணையக்கூடாது. அந்த இடைவெளியை நிரப்புவதே யு.பி.எஸ். என்னும் பேட்டரித் தொகுதி. அது மூன்றாவது அரண்.

இவற்றைக் கடந்து வரும் மின்சாரத்தையும் சர்வர் அப்படியே உண்பதில்லை. சுவர் இணைப்பில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினியின் உள்ளுறுப்புகளுக்குத் தேவையானது ஏறக்குறைய 12 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். முக்கியமான சர்வர்களில் இத்தகைய பெட்டிகள் இரண்டு இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். சர்வரை அணைக்காமலேயே பழுதான பெட்டியை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகவும் முடியும்.

அப்படியிருந்தும் சர்வர் நிற்பதற்குக் காரணங்கள் பல. இரண்டு பெட்டிகளையும் ஒரே மின்பாதையில் இணைத்திருந்தால், அப்பாதை நின்றதும் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒரு பெட்டி முன்னரே பழுதாகி, அதன் எச்சரிக்கை விளக்கை எவரும் கவனியாதிருந்தால், மற்றொன்று போகும் நாளில் துணையில்லை. யு.பி.எஸ். பேட்டரிகளுக்கும் முதுமை உண்டு. ஈயப் பேட்டரிகள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளே உழைக்கும். வெப்பம் மிகுந்தால் அக்காலமும் சுருங்கும். சென்னையின் கோடை அவற்றுக்கு நல்லதன்று. கடலை ஒட்டிய பகுதிகளின் உப்புக் காற்று உலோக இணைப்புகளை அரிக்கும் என்பதை வீட்டு ஜன்னல் கம்பிகளைக் கொண்டே அறியலாம். மின்சாரம் போகும் கணத்தைவிட, திரும்பி வரும் கணத்தில் எழும் ஏற்ற இறக்கம் பல வேளைகளில் அதிகக் கேடு விளைவிக்கிறது.

பழுதை எவ்வாறு கண்டறிகின்றனர்?

கணினித் துறையினர் மேற்கொள்ளும் முறை, மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கும் முறையை ஒத்தது. முதலில் வெளிப்புறத்தை ஆராய்கின்றனர்: அறைக்கு மின்சாரம் வந்துள்ளதா, வோல்டேஜ் சீராக உள்ளதா, நில இணைப்பு சரியாக உள்ளதா, காப்புச் சுவிட்ச் விழுந்துள்ளதா, யு.பி.எஸ். தன் திரையில் என்ன எச்சரிக்கை காட்டுகிறது? "சர்வர் கெட்டுவிட்டது" என்று எண்ணப்படும் நிகழ்வுகளில் சில, தளர்ந்துபோன ஒரு கேபிளோடு முடிந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, சர்வரின் பின்புறத்திலுள்ள பவர் சப்ளை விளக்குகளைக் காண்கின்றனர். பச்சை நிறம் நலத்தைக் குறிக்கும். மஞ்சள் கலந்த செந்நிறம் எச்சரிக்கையைக் குறிக்கும். விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் உள்ளே வரவில்லை அல்லது பெட்டி பழுதாகிவிட்டது என்று பொருள். நன்றாக இயங்கும் மற்றோர் இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கின்றனர்; கேபிளை மாற்றிப் பார்க்கின்றனர்; பிறகு, கையிருப்பிலுள்ள நல்ல பெட்டியைப் பொருத்திப் பார்க்கின்றனர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இதில் பொன்விதி. மூன்றை ஒருசேர மாற்றிச் சர்வர் இயங்கிவிட்டால், பழுது எதனுள் இருந்தது என்று தெரியாமலே போகும். அது மறுநாள் மீண்டும் தலைகாட்டும்.

புதிய பெட்டியைப் பொருத்திய பின்னும் சர்வர் உடனே அணைந்துவிட்டால், உள்ளே வேறோர் உறுப்பில் மின்கசிவு இருக்கக்கூடும். அப்போது மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது தீங்கு. இன்றியமையாத உறுப்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்ததும் அணைகிறது என்று கண்டறிகின்றனர். இதற்குப் பொறுமை வேண்டும். சாளரத்தின் முன் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது அப்பொறுமையைக் காப்பது எளிதன்று.

பழுதே இல்லையெனினும் தாமதம் ஏன்?

எந்த உறுப்பும் சேதமடையாதபோதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட முடியாது. முதலில் மின்சாரம் நிலைபெற்றதா என்று சிறிது நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்; வந்தவுடன் மீண்டும் போவது நம் தெருக்களில் புதிதன்று. பின்னர் அறையின் குளிரூட்டி இயங்க வேண்டும். வெப்பத்தில் சர்வர்களை இயக்கினால் அவை தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். அதன்பின் வலையமைப்பு, தரவுகளைச் சேமிக்கும் வன்தட்டுத் தொகுதி, தரவுத்தளம், மருத்துவமனை மென்பொருள், இறுதியாக ஆய்வகக் கருவிகளோடும் ஸ்கேன் படங்களோடும் உள்ள இணைப்புகள் என ஒன்றன்பின் ஒன்றாக எழ வேண்டும். முன்னது முழுமையாக எழுவதற்கு முன் பின்னதை இயக்கினால், அது தேடுவது கிடைக்காமல் பிழையோடு நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

அவசரத்தின் விலையை உலகம் கண்ட ஒரு நாள் உண்டு. 2017 மே 27ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தரவு மையம் ஒன்றில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அது கட்டுப்பாடின்றித் திரும்பக் கொடுக்கப்பட்டபோது எழுந்த மிகைமின்சாரமே கணினிகளைச் சேதப்படுத்தியது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. ஏறக்குறைய 75,000 பயணிகளின் பயணம் தடைப்பட்டது. மின்சாரம் போனதனால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பைவிட, அது முறையின்றி மீண்டதனால் நேர்ந்த இழப்பு பெரிது.

குறிப்பேடும் பேரேடும்

தாமதத்திற்கு மற்றொரு காரணம், தங்கள் பதிவுகளைக் காக்கும் ஒரு வேலை. அதைப் புரிந்துகொள்ளத் தியாகராய நகரின் பழைய ஜவுளிக் கடைக் கணக்கரை நினைவுகூரலாம். விற்பனை நடந்தவுடன் அவர் அதனை நேரே பேரேட்டில் எழுதுவதில்லை. முதலில் குறிப்பேட்டில் நேர வரிசைப்படி ஒரு வரி எழுதுவார். பின்னர் அதனைப் பேரேட்டில் உரிய தலைப்பின்கீழ் சேர்ப்பார். நடுவில் விளக்கு அணைந்துவிட்டால் பேரேட்டில் ஒரு பதிவு பாதியில் நிற்கலாம். ஆயினும் கலக்கமில்லை: விளக்கு வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, எது முழுமையாக நடந்தது, எது பாதியில் நின்றது என்று ஒப்பிட்டுப் பேரேட்டைச் சரிசெய்துவிடுவார்.

மருத்துவமனைத் தரவுத்தளமும் இவ்வாறே செயல்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது முதலில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. மின்சாரம் திடீரெனப் போனால், மீண்டும் எழும்போது அக்குறிப்பேட்டை வரிவரியாகப் படித்து, முழுமையானவற்றை நிலைநிறுத்தி, பாதியில் நின்றவற்றை நீக்குகிறது. பல வன்தட்டுகளில் பகிர்ந்து வைக்கப்பட்ட தரவு ஒன்றோடொன்று ஒத்துள்ளதா என்றும் சோதிக்கப்படுகிறது. திரையில் வட்டம் சுழலும் நேரத்தில் இப்பணி நடந்துகொண்டிருக்கக்கூடும். அதனை இடையில் நிறுத்தினால் சீட்டு விரைவில் கிடைக்கலாம். ஆனால் ஒருவரின் பதிவில் பிழை தங்கிவிடலாம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. குறிப்பேட்டையே எட்டாத பதிவை எவராலும் மீட்க முடியாது. செவிலியர் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் மின்சாரம் போயிருந்தால், அவ்வரி எங்கும் இல்லை. இந்த இழப்பு ஒரு வரியளவே ஆயினும், அது எந்த வரி என்பதைப் பொறுத்து அதன் எடை மாறும்.

சென்னை கண்ட நாட்கள்

இவை யாவும் ஏட்டளவில் நிற்கும் எச்சரிக்கைகள் அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாற்றைக் கரைபுரளச் செய்தன. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பல இடங்களில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, கைப்பேசிகளும் ஓய்ந்தன. ஆற்றங்கரையை ஒட்டியிருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர்களும் வெள்ளத்தால் செயலிழந்தன. அங்கிருந்த நோயாளிகள் பிற மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஜெனரேட்டர் வைத்திருப்பது மட்டும் போதாது, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதை அந்நிகழ்வு நகரத்திற்கு உணர்த்தியது. மறு ஆண்டு 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, மின்கம்பங்களும் வீழ்ந்தன, பல பகுதிகளில் மின்சாரம் திரும்பச் சில நாட்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல தெருக்கள் நீரிலும் இருளிலும் இருந்தன.

வளம்மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2022 ஜூலை 19ஆம் நாள் லண்டனில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, கைஸ் மற்றும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு தரவு மையங்களும் குளிரூட்டல் தாங்காமல் நின்றன. மருத்துவர்கள் காகிதத்திற்குத் திரும்பினர். எல்லாம் பழைய நிலையை அடையப் பல வாரங்கள் ஆயின. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் நின்றதற்குக் காரணம் இணையத் தாக்குதல். காரணம் வேறாயினும் அங்கும் நாட்கணக்கில் கையெழுத்துப் பதிவேடுகளே பணியைத் தாங்கின. ஆகவே நல்ல மருத்துவமனை இரண்டு திறன்களை வளர்த்துக்கொள்கிறது: சர்வரை மீட்கும் திறன் ஒன்று, சர்வர் இல்லாமல் பணியாற்றும் திறன் மற்றொன்று.

காகிதத்திற்குத் திரும்பும் வேளை

கணினி நின்றவுடன் வார்டில் முன்னரே அச்சிட்டு வைத்துள்ள படிவங்கள் எடுக்கப்படுகின்றன. மருந்து ஆணைகள் கையால் எழுதப்படுகின்றன. ஆய்வகம் அவசர முடிவுகளைத் தொலைபேசியில் கூறும். கேட்பவர் அதனை எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்வார். இது காலத்தால் சோதிக்கப்பட்ட முறை. ஆயினும் இதில் இரண்டு இடங்கள் வழுக்கும் தன்மையுடையவை: கணினியிலிருந்து காகிதத்திற்கு இறங்கும் இடமும், காகிதத்திலிருந்து கணினிக்கு ஏறும் இடமும்.

ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். காலை 9.50 மணிக்கு நோயாளிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போடப்படுகிறது. அதைக் கணினியில் பதியும் கணத்தில் சர்வர் நிற்கிறது. செவிலியர் காகிதத்தில் எழுதிவைக்கிறார். பிற்பகல் 2 மணிக்குக் கணினி மீள்கிறது. பணி மாற்றத்தில் புதிய செவிலியர் வந்திருக்கிறார். காகிதக் குறிப்பு இன்னும் கணினியில் ஏற்றப்படவில்லை. திரையில் அந்த ஊசி 'கொடுக்கப்படவில்லை' என்றே காட்டுகிறது. செவிலியர் ஊசியோடு படுக்கையருகே வருகிறார்.

அக்கணத்தில் அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோ, "சிஸ்டர், இந்த ஊசியைக் காலையில் கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டார்களே!" என்று கூறினால், செவிலியர் நின்று காகிதக் கோப்பைப் பார்ப்பார். இரண்டாம் முறை செலுத்தப்படவிருந்த மருந்து தடுக்கப்படும். மாறாக, போடாத மருந்து போட்டதாகக் கருதப்பட்டு விடுபடுவதும் நிகழலாம். அதையும் உடனிருப்பவரே முதலில் உணர்வார். காலை முதல் மாலை வரை இடம்பெயராமல் நோயாளியின் அருகிலேயே இருப்பவர் அவர்தாம். அவருடைய சொல்லை நல்ல செவிலியர் குறையாகக் கொள்ளமாட்டார்; நன்றியோடு ஏற்பார்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

• ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், கொடுத்த நேரம், எடுத்த இரத்த மாதிரி, மருத்துவர் வந்து கூறியது ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். மின்தடையின்போது இதுவே தங்கள் குறிப்பேடு.

• ஒவ்வாமை தரும் மருந்துகள், இரத்த வகை, சர்க்கரை நோய், சிறுநீரகக் குறைபாடு, இதயத்தில் பொருத்திய கருவி போன்றவற்றை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். கணினியில் உள்ளதே என்று விட்டுவிடாதீர்கள்.

• வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை உடன் கொண்டு வாருங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்ற விவரிப்பு சர்வர் இல்லாத நாளில் மருத்துவருக்கு உதவாது.

• அண்மைய பரிசோதனை முடிவுகளையும் சென்ற முறை தந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், தாளிலும் வையுங்கள். கைப்பேசியின் பேட்டரியும் தீரக்கூடியதே.

• நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கும் முன்னும் இரத்தம் எடுக்கும் முன்னும் பெயரைக் கேட்டால் சலிப்பின்றிச் சொல்லுங்கள். ஒரே வார்டில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது நம் ஊரில் அரிதன்று.

• உணவு உண்ணாமல் பரிசோதனைக்கு வந்தவர், சர்க்கரை நோயாளி, கருவுற்ற தாய், நெஞ்சுவலியோடு வந்தவர் ஆகியோர் வரிசையில் அமைதியாகக் காத்திருக்கலாகாது. அருகிலுள்ள பணியாளரிடம் உடனே கூறுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுக்கு எந்தச் சீட்டும் தேவையில்லை. நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

• வார்டிலுள்ள சிவப்பு நிற அல்லது தனிக் குறியிட்ட மின் இணைப்புகளில் கைப்பேசியைச் செருகாதீர்கள். அவை உயிர்காக்கும் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை.

கணினி மீண்ட பின்

சர்வர் எழுந்துவிட்டது என்ற அறிவிப்போடு பணி முடிவதில்லை. முதலில் சர்வரின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்க்கின்றனர். கணினிக்குள் இருக்கும் ஒரு சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்தடைக்குப் பின் கடிகாரம் பழைய தேதிக்குச் சென்றுவிடும். மருந்து நேரங்கள் அனைத்தும் அக்கடிகாரத்தையே நம்பியுள்ளன. அடுத்து, தெரிந்த சில பதிவுகளைத் திறந்து முழுமையாக உள்ளனவா என்று சோதிக்கின்றனர். பின்னர் அந்நேரத்தில் காகிதத்தில் எழுதிய ஒவ்வொன்றும் கணினியில் ஏற்றப்படுகிறது. வெளியே எவருக்கும் தெரியாத நீண்ட வேலை இது. சில நாட்களில் இரவு வரை நீளும்.

ஆகவே வீடு திரும்பும் நாளில் தாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. "கணினி நின்றிருந்த நேரத்தில் எடுத்த பரிசோதனைகளின் முடிவுகள் இதில் சேர்ந்துள்ளனவா?" "அப்போது கொடுத்த மருந்துகளும் மாற்றிய மருந்துகளும் இந்தச் சுருக்கத்தில் உள்ளனவா?" தங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அன்றே சுட்டிக்காட்டுங்கள். பின்னொரு நாளில் வேறு மருத்துவர் அந்தச் சுருக்கத்தை நம்பியே மருந்து எழுதுவார். கட்டணச் சீட்டிலும் ஒரே பரிசோதனை இருமுறை ஏறியிருக்கக்கூடும்; அதையும் தயக்கமின்றிக் கேட்கலாம்.

வீட்டிலும் இதே ஒழுங்கு

ஆக்சிஜன் செறிவூட்டி, நெபுலைசர், உறக்கத்தில் சுவாசம் தரும் கருவி ஆகியவற்றை வீட்டில் பயன்படுத்துவோருக்கு மின்தடை நேரடிச் சிக்கல். மின்சாரம் போனதும் கருவியின் செருகியை எடுத்துவிடுங்கள். மின்சாரம் நிலைபெற்றதை உறுதிசெய்தபின் செருகுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் அக்கருவிக்கு ஏற்றதா என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஆக்சிஜன் தேவைப்படுவோர் நிரப்பிய சிலிண்டர் ஒன்றை வைத்திருப்பதும், மின்வாரியம் செய்தித்தாள்களில் வெளியிடும் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பைக் கவனிப்பதும் நன்று. மின்தடை குறித்து 94987 94987 என்ற 'மின்னகம்' எண்ணில் புகார் தெரிவிக்கலாம். நோயாளியின் நிலை மோசமானால் மின்சாரத்திற்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

நிறைவாக

அடுத்த முறை திரையில் வட்டம் சுழல்வதைக் காணும்போது, உள்ளே ஒருவர் ஒரு கேபிளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு தரவுத்தளம் தன் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் காப்பது தங்களுடைய பதிவையே. அந்நேரத்தில் தங்கள் கையிலுள்ள நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து ஒரு வரி எழுதுங்கள். சர்வர் அறிந்திராத அந்தச் சில நிமிடங்களுக்குத் தாங்களே சாட்சி.